மண் இல்லாமல் மாடியில் புல்தரை: எடை பார்ப்பது முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

மொட்டை மாடியில் புல்தரை வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு முதல் தடை எடைதான். நனைந்த தோட்ட மண் ஒரு கன மீட்டருக்கு 1,600 முதல் 2,000 கிலோ வரை இருக்கும். வெறும் 10 செ.மீ. உயரத்துக்குக் கொட்டினால்கூட ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 160 முதல் 200 கிலோ ஏறிவிடும். நார்வேயின் பழைய புல்கூரை வீடுகளில் பூர்ச்ச மரப்பட்டைக்கு மேல் புல்கட்டிகளை அடுக்குவார்கள். அந்தக் கூரை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 250 கிலோ கனக்கும். அந்தக் கனத்துக்கு ஏற்றபடிதான் வீட்டையே கட்டினார்கள். நகரத்தில் ஏற்கெனவே நிற்கிற கட்டடத்துக்கு அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது.

மண்ணில்லாப் புல்விரிப்பு கைகொடுப்பது இந்த இடத்தில். தென்னை நார்க்கழிவு, மட்கு, உமிக்கரி, பெர்லைட் (சூட்டில் பொரித்த எரிமலைக் கண்ணாடித் துகள்) போன்ற லேசான பொருள்களை 2 முதல் 3 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, அதில் புல்லை வளர்த்து, வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதும் பாயைப் போலச் சுருட்டி எடுத்து மாடியில் விரிப்பார்கள். முழுக்க நனைந்த நிலையிலும் அது சதுர மீட்டருக்கு 30 முதல் 40 கிலோவுக்குள் அடங்கும். அடியில் போடும் வடிகால் தகடு, தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஈரவிரிப்பு எல்லாம் சேர்த்தாலும் 60 கிலோவுக்குள் முடிக்கலாம்.

இதைப் பிளாஸ்டிக் புல்லோடு சேர்த்து எண்ண வேண்டாம். உச்சி வெயிலில் பிளாஸ்டிக் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். உயிருள்ள புல் நீரை ஆவியாக்கித் தன்னையும் தளத்தையும் குளிர வைக்கும். ஒரு சதுர மீட்டரிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வெளியேறுகிறது. நல்ல வெயில் நாளில் 5 லிட்டர் ஆவியானால் 3.4 யூனிட். கட்டடத்துக்குப் புல்லால் கிடைக்கிற பெரிய நன்மை இதுதான். அந்த நன்மை புல் ஈரமாக இருக்கும்வரைதான் உண்டு.

மண் செய்த வேலையை யார் செய்வது?

மண் இல்லாமல் செடி வளருமா என்ற சந்தேகம் தீர்ந்து நெடுநாள் ஆகிறது. வில்லியம் கெரிக்கி என்ற விஞ்ஞானி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உரக்கரைசலிலேயே தக்காளியை ஆளுயரத்துக்கு மேல் வளர்த்துக் காட்டி, 1937-இல் ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரையும் பரப்பினார். பாரிஸில் 2006-இல் திறக்கப்பட்ட கே பிரான்லி அருங்காட்சியகத்தின் வெளிச்சுவரில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பாட்ரிக் பிளாங்க் அமைத்த தோட்டம் ஒரு பிடி மண்கூட இல்லாமல் கம்பளித்துணி போன்ற அடுக்குகளில் வேர் பிடித்து நிற்கிறது.

ஆனால் மண் நான்கு வேலைகளைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது: வேருக்குப் பிடிமானம், தண்ணீர்ச் சேமிப்பு, சத்துச் சேமிப்பு, உப்பும் புளிப்பும் திடீரென ஏறி இறங்காமல் தாங்குவது. மண்ணை எடுத்துவிட்டால் இந்த நான்கும் உங்கள் பொறுப்பு. எடை குறைந்த அளவுக்குக் கவனிப்பு கூடும். இதை ஏற்றுக்கொள்ள முடிந்தவர்களுக்குத்தான் மண்ணில்லாப் புல்தரை ஏற்றது. வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் கட்டடம், கோடையில் தண்ணீருக்கே தட்டுப்பாடு என்றால் புல்லை விட்டுவிட்டுத் தடித்த இலைகொண்ட சீடம் வகைச் செடிகளைப் போடுங்கள். அவை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு தண்ணீரை மிச்சப்படுத்தும்.

படி 1: தண்ணீர்க் கணக்கும் எடைக் கணக்கும்

வெப்பமான பருவத்தில் புல்தரை ஒரு நாளைக்கு 4 முதல் 6 மி.மீ. தண்ணீரை இழக்கும். ஒரு மி.மீ. என்பது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஆக 100 சதுர மீட்டர் புல்தரைக்கு நாளொன்றுக்கு 400 முதல் 600 லிட்டர். மாடியில் காற்று பலமாக வீசினால் அதற்கும் மேலே. 3 செ.மீ. நார்க்கழிவு விரிப்பில் புல் உறிஞ்சக்கூடிய தண்ணீர் சுமார் 12 மி.மீ.தான் நிற்கும். இரண்டு நாள் தண்ணீர் விடாவிட்டால் இருப்பு காலி என்று அர்த்தம். மண்தரையில் ஒரு வாரம் மறந்தாலும் புல் தாக்குப்பிடிக்கும், இங்கே பிடிக்காது.

இந்தக் கணக்கை நம்பி மட்டும் இறங்க வேண்டாம். வாங்கப்போகும் விரிப்பிலிருந்து 30 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவில் ஒரு துண்டைக் கேட்டு வாங்குங்கள். அதை ஒரு தட்டில் இரவு முழுக்க ஊற வைத்து, காலையில் தூக்கிப் பிடித்துப் பத்து நிமிடம் நீர் வடிய விட்டு எடை போடுங்கள். அந்தத் துண்டின் பரப்பு 0.09 சதுர மீட்டர். எடை 3.15 கிலோ வந்தால் 0.09-ஆல் வகுங்கள்: சதுர மீட்டருக்கு 35 கிலோ. அப்புறம் அதே துண்டை நீங்கள் புல் போடப்போகும் இடத்திலேயே, அதே வெயிலில், அதே காற்றில் வைத்து மறுநாள் அதே நேரத்தில் மறுபடி எடை போடுங்கள். 90 கிராம் குறைந்தால் ஒரு மி.மீ. போயிருக்கிறது, 450 கிராம் குறைந்தால் 5 மி.மீ. எந்த விளம்பரத் தாளும் சொல்லாத உங்கள் மாடியின் சொந்தக் கணக்கு ஒரு சமையலறைத் தராசிலேயே கிடைத்துவிடும்.

இந்த எண்களோடு கட்டமைப்புப் பொறியாளரிடம் போங்கள். நனைந்த எடை, மேலே நிற்கப்போகும் ஆட்கள், தண்ணீர்த் தொட்டி, மழைநீர் இறங்கும் துளையான வடிவாய் அடைத்தால் தேங்கும் மழைநீர் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். 5 செ.மீ. தண்ணீர் தேங்கினால் சதுர மீட்டருக்கு 50 கிலோ. புல்விரிப்பைவிட அது அதிகம். எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 2: தளத்தைத் தயார் செய்தல்

புல் எப்போது வேண்டுமானாலும் போடலாம், ஒழுகலை அப்புறம் பார்க்க முடியாது. அதனால் முதலில் வாட்டம் பாருங்கள். வடிவாயை நோக்கி 100 செ.மீ.க்கு 1.5 முதல் 2 செ.மீ. சரிவு இருக்க வேண்டும். விரிசல்களை அடைத்து, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, கைப்பிடிச் சுவரில் குறைந்தது 15 செ.மீ. உயரம் வரை அதை ஏற்றி முடியுங்கள். மூலைகளும் குழாய் நுழையும் இடங்களும்தான் பெரும்பாலும் ஒழுகும்.

காய்ந்ததும் வடிவாய்களை அடைத்து 2.5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் விட்டுவிடுங்கள். கீழ்த் தளத்தின் கூரையில் ஓதம் (ஈரக்கசிவு) தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இந்தச் சோதனையைத் தவிர்க்கச் சொல்லும் ஒப்பந்ததாரரை மாற்றிவிடலாம் என்பது என் கருத்து.

படி 3: அடுக்குகள்

வாட்டர்ப்ரூஃபிங்குக்கு மேல் வேர்த்தடுப்புத் தாள். புல்லின் வேர் மெல்லியதுதானே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அருகம்புல் போன்றவற்றுக்குத் தரைக்கடியில் ஓடும் கூர்முனைத் தண்டுகள் உண்டு. தார் சார்ந்த மென்படலத்தை அவை துளைத்துவிடும். எஃப்எல்எல் என்ற ஜெர்மன் நிலத்தோற்ற ஆய்வு அமைப்பு வகுத்த சோதனையில், வேர்த்தடுப்புத் தாள்களின் மேல் முட்புதர் ஒன்றோடு, தண்டு ஓடும் புல் ஒன்றையும் வேண்டுமென்றே வளர்த்துப் பார்க்கிறார்கள். அப்படிச் சோதனை தேறிய தாளையே வாங்குங்கள். இணைப்புகளை ஒட்டுவதைவிட வெப்பத்தால் உருக்கி இணைப்பது நல்லது.

அதன் மேல் ஒரு பாதுகாப்புத் துணி. பிறகு குழிவுகள் உள்ள பிளாஸ்டிக் வடிகால் தகடு, 2 செ.மீ. உயரம் போதும். அதன் மேல் வடிகட்டியாக ஜியோ டெக்ஸ்டைல் துணி. நார்த்தூள் இறங்கி வடிகாலை அடைக்காமல் இது பார்த்துக்கொள்ளும். கடைசியாகத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஈரவிரிப்பு. பணம் குறைவாக இருந்தால் வேறு எங்காவது சிக்கனம் பிடியுங்கள், ஈரவிரிப்பில் வேண்டாம். மண் செய்த தண்ணீர்ச் சேமிப்பில் ஒரு பகுதியை அதுதான் ஈடுகட்டுகிறது. புல்லின் வேர்கள் இறங்கிப் பிடித்துக்கொள்வதும் அதில்தான்.

சுவரோரத்திலும் ஒவ்வொரு வடிவாயைச் சுற்றியும் 30 முதல் 50 செ.மீ. அகலத்துக்குப் புல் போடாமல் கூழாங்கல் பரப்புங்கள். மாடியின் மூலைகளிலும் ஓரங்களிலும்தான் காற்று மேல்நோக்கி இழுக்கும் விசை அதிகம். லேசான விரிப்பு அங்கே கிளம்பிவிடும். காய்ந்த புல்லில் தீப்பொறி விழுந்தால் பரவாமல் தடுக்கவும் இந்தக் கல்பட்டை உதவும். வடிவாய்க்கு மேல் திறந்து பார்க்கக்கூடிய பெட்டி ஒன்று இருக்கட்டும். வடிவாய் அடைத்தாலும் தண்ணீர் வெளியேற, சுவரில் சற்று உயரத்தில் ஒரு வழிந்தோடும் துளையும் வேண்டும்.

படி 4: எந்தப் புல்?

வெப்பநிலை, வெயில், தண்ணீரின் உப்பு, இந்த மூன்றையும் வைத்து முடிவெடுங்கள். ஆண்டில் பெரும்பகுதி 27 முதல் 35 டிகிரி இருக்கும் இடத்துக்கு அருகம்புல்லின் கலப்பு வகைகள், சோய்சியா எனப்படும் கொரியப் புல், பாஸ்பாலம். 15 முதல் 24 டிகிரி உள்ள குளிர்ந்த இடங்களுக்கு உயர ஃபெஸ்க்யூ, கென்டக்கி நீலப்புல். உப்புத்தண்ணீர்தான் கிடைக்கும் என்றால் பாஸ்பாலம் நன்றாகத் தாங்கும். அருகம்புல்லுக்கு ஒரு நாளில் 6 மணி நேரத்துக்குக் குறையாத நேரடி வெயில் வேண்டும். பக்கத்துக் கட்டடத்தின் நிழல் விழும் மாடியில் அது நாளுக்கு நாள் மெலிந்து மறைந்துவிடும். அங்கே சோய்சியா ஓரளவு பரவாயில்லை. ஆழமான நிழல் என்றால் எந்தப் புல்லும் வேண்டாம்.

செங்குத்துச் சுவரில் புல்விரிப்பைத் தொங்கவிடும் யோசனையும் சிலருக்கு வரும். வெட்டுவதும் சீராக நனைப்பதும் பெரும்பாடு; சுவருக்குக் கொடிகளும் பெரணிகளும்தான் பொருத்தம்.

படி 5: விரிப்பை வளர்த்தல்

தயாராக வாங்குபவர்கள் இதை மேலோட்டமாகப் படித்தால் போதும். ஆனாலும் நல்ல விரிப்பை அடையாளம் காண இது உதவும்.

சமதளமான தரையில் பாலித்தீன் தாளை விரித்து, வடிவதற்கு ஆங்காங்கே துளையிடுங்கள். கீழே போக வழியில்லாத வேர்கள் தாளைத் தொட்டதும் பக்கவாட்டில் திரும்பி ஒன்றையொன்று பின்னும். இந்த முறையின் சூட்சுமமே அந்தத் திருப்பம்தான். வயலில் மண்ணோடு வெட்டி எடுக்கும் புல்கட்டியில் வேரின் பெரும்பகுதி அறுந்து நிலத்திலேயே தங்கிவிடும். ஒவ்வொரு அறுவடைக்கும் வளமான மேல்மண்ணும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். இங்கே ஒரு வேரும் அறுவதில்லை, நிலத்தின் மண்ணும் போவதில்லை. விரித்த இடத்தில் இது சீக்கிரம் பிடித்துக்கொள்வதற்கும் காரணம் அதுவே.

தாளின் மேல் சணல் அல்லது தென்னை நார் வலை. பிளாஸ்டிக் வலை இழுவைக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் காலப்போக்கில் பொடிந்து மழைநீரில் கலக்கும். அதன் மேல் 2 முதல் 3 செ.மீ. கலவை. முக்கால் பங்கு நார்க்கழிவு, மிச்சம் நன்றாக மட்கிய உரமும் பெர்லைட் அல்லது உமிக்கரியும் என்பது எளிதான தொடக்கம். நார்க்கழிவு தன் எடையைப்போல எட்டு மடங்கு தண்ணீர் பிடிக்கும். ஆனால் அதில் சோடியமும் பொட்டாசியமும் ஒட்டிக்கொண்டிருக்கும். நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு இரவு ஊற வைத்து மறுபடி அலசுங்கள். கடைசியாக வடியும் தண்ணீரின் மின்கடத்துதிறன் (கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டுவது) செ.மீ.க்கு ஒரு மில்லிசீமன்ஸுக்குக் கீழே வர வேண்டும். மரத்தூளைத் தவிருங்கள், அது மட்கும்போது புல்லுக்குச் சேர வேண்டிய தழைச்சத்தை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும்.

புல்தண்டுகளைத் துண்டு துண்டாக நறுக்கித் தூவி, மேலே அரை செ.மீ. கலவை போட்டு லேசாக அழுத்துங்கள். முதல் இரண்டு வாரம் ஒரு நாளில் மூன்று நான்கு முறை பனித்தூறலாகத் தண்ணீர். வெப்பமான பருவத்தில் ஆறு முதல் பத்து வாரத்தில் விரிப்பு தயார். தயாரானதா என்று பார்க்க ஒரு மூலையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்குங்கள். கலவை உதிராமல், அடிப்பக்கம் வெளிறிய வேர்கள் அடர்த்தியாகப் பின்னிக்கிடக்க வேண்டும். வேர் பழுப்பாக, வழவழப்பாக இருந்து புளித்த வாடை அடித்தால் வடிகால் சரியில்லாமல் அழுகியிருக்கிறது. வாங்கப்போகும் இடத்திலும் இதே சோதனையைச் செய்யுங்கள்; மேலே தெரியும் பச்சையை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம்.

படி 6: விரித்தல்

சுருட்டிய புல் மூச்சுவிட்டுக்கொண்டேதான் இருக்கும். உள்ளே சூடேறி ஒரே நாளில் மஞ்சளாகிவிடும். காலையில் சுருட்டியதை அன்று மாலைக்குள் விரித்துவிட வேண்டும். ஆட்கள் தயாரான பிறகே லாரியை வரச் சொல்லுங்கள்.

முதலில் ஈரவிரிப்பை நன்றாக நனையுங்கள். செங்கல் அடுக்குவதுபோல் இணைப்புகள் ஒரே நேர்கோட்டில் வராமல் மாற்றி மாற்றி விரியுங்கள். விளிம்புகள் ஒன்றையொன்று நெருக்கித் தொட வேண்டும். ஏறிக்கொள்ளவும் கூடாது, இடைவெளியும் கூடாது. இடைவெளியில்தான் முதலில் காயும். தரையில் செய்வதுபோல் ஆணியோ கம்பிக் கொக்கியோ அடித்துப் பிடிக்க வைக்கவே கூடாது, அடியில் இருப்பது உங்கள் வாட்டர்ப்ரூஃபிங். காற்று பலமான மாடியில் வேர் பிடிக்கும்வரை மேலே ஒரு வலையை விரித்து, ஓரங்களில் மணல் மூட்டை வையுங்கள். லேசான உருளையை ஒருமுறை ஓட்டினால் அடிப்பக்கம் ஈரவிரிப்போடு ஒட்டும். இரண்டு மூன்று வாரத்தில் மூலையைத் தூக்கினால் எழும்பாத அளவுக்குப் பிடித்திருக்கும். அதுவரை யாரும் மேலே நடக்க வேண்டாம்.

படி 7: தண்ணீரும் உரமும்

தெளிப்பான் மாடிக்குச் சுமாரான தேர்வு. தண்ணீரில் ஒரு பகுதி காற்றோடு போய்ப் பக்கத்துச் சுவரை நனைக்கும். புல்விரிப்புக்கும் ஈரவிரிப்புக்கும் நடுவே, புல்லை விரிப்பதற்கு முன்பே, 30 செ.மீ. இடைவெளியில் சொட்டுநீர்க் குழாய் ஓட்டுவது சிறந்தது. வடிகட்டியும் நேரக் கருவியும் கட்டாயம். விடியற்காலையில் ஒருமுறை, கடும் வெயிலில் பிற்பகலில் இன்னொருமுறை, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மெல்லிய விரிப்பில் ஒரேயடியாக ஊற்றினால் வடிந்துதான் போகும். மோட்டார் பழுதானால் தெரிய வேண்டும், அதனால் இரண்டு நாளுக்கு மேல் யாரும் மாடி ஏறாத கட்டடத்தில் எச்சரிக்கை மணி வையுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. சேமித்துத் தொட்டியில் சேர்க்கலாம். ஏசியின் வெளிப்பெட்டி சூடான காற்றை ஊதும் திசையில் மட்டும் புல் போடாதீர்கள்.

வளரும் பருவத்தில் சதுர மீட்டருக்கு மாதம் சுமார் 3 கிராம் தழைச்சத்து போதும். 100 சதுர மீட்டருக்கு 300 கிராம். 20 சதவீதம் தழைச்சத்துள்ள நீரில் கரையும் உரம் என்றால் 1.5 கிலோ. இதை நான்காகப் பிரித்து வாரம் ஒருமுறை, லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்து, அன்றைய தண்ணீராகவே விட்டுவிடலாம். தழை, மணி, சாம்பல் சத்துகள் 3:1:2 என்ற விகிதத்துக்கு அருகில் இருக்கட்டும். கால்சியம் நைட்ரேட்டை மற்ற உரங்களோடு அடர்த்தியாகக் கலந்தால் சுண்ணாம்பு மாதிரி படிந்து குழாயை அடைக்கும். அதைத் தனி நாளில் கொடுங்கள். இளம் இலைகள் மட்டும் நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. பிஎச் (புளிப்பு, காரத் தன்மையின் அளவு) 5.5-க்கும் 6.8-க்கும் நடுவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வேர் எளிதில் உறிஞ்சும் வடிவிலான இரும்புச் செலேட் கொடுங்கள்.

மாதம் ஒருமுறை உரமில்லாத தண்ணீரைத் தாராளமாக விட்டு உப்பை அலசி வெளியேற்றுங்கள். ஓரங்களில் வெள்ளைப் படிவு தெரிந்தாலோ, வடிநீரின் மின்கடத்துதிறன் விடும் தண்ணீரைப்போல இரு மடங்கைத் தாண்டினாலோ மாதம் முடியக் காத்திருக்க வேண்டாம்.

படி 8: வெட்டுவதும் பார்ப்பதும்

3 முதல் 5 செ.மீ. உயரத்தில் வைத்திருங்கள், ஒரு வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். கையால் தள்ளும் உருளைக் கத்தி இயந்திரமே போதும். வெட்டிய புல்லை அள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழையில் வடிவாயில் கிடக்கும். மழைக்காலத்துக்கு முன்னும் ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் வடிவாய்ப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். காற்றும் பறவையும் கொண்டுவரும் அரச மரக்கன்று, ஆலங்கன்று எதையும் விரல் நீளம் ஆகும் முன்பே பிடுங்கிவிட வேண்டும். இந்த மெல்லிய விரிப்பு நடக்கவும் உட்காரவும் தாங்கும், தினமும் பந்து விளையாடத் தாங்காது. அடிக்கடி நடக்கும் வழியில் பலகைக்கல் பதியுங்கள்.

நார்க்கழிவு சில ஆண்டுகளில் மட்கி மெலியும். விரிப்பு அமுங்கி, தண்ணீர் விட்ட அன்றே வாடத் தொடங்கினால் அந்தப் பகுதியை மட்டும் மாற்றினால் போதும்: கத்தியால் மேல்விரிப்பை மட்டும் கீறி, ஈரவிரிப்போடு பிடித்த வேர்களை மெதுவாகப் பிரித்து எடுத்து, அதே அளவில் புதுத் துண்டு வையுங்கள். கத்தி ஜியோ டெக்ஸ்டைல் துணிக்குக் கீழே போகக் கூடாது. கீறும்போது அடியில் ஒரு மெல்லிய பலகையைச் செருகிக்கொள்ளுங்கள். கீழ்த் தளத்தில் ஓதம் தெரிந்தாலும் இதே வழிதான். மண்ணை அள்ளி இறக்கும் வேலை இல்லை. சந்தேகப்படும் இடத்துக்கு மேலுள்ள துண்டுகளை ஈரவிரிப்போடு எடுத்து நிழலில் விரித்து நனைத்து வைத்தால் ஒழுகலைச் சரிசெய்யும்வரை புல் தாங்கும். திரும்ப விரிப்பதற்கு முன் அந்த இடத்தில் மறுபடி 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்துவிடுங்கள்.